கொசுத் தேனீக் கூட்டின் பிசினை அப்பாவின் கால் புண்ணுக்குப் போடலாமா?

மேலூர்த் தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேலூரிலிருந்து நான்கு மைல் தள்ளி எங்கள் ஊர். தென்னந்தோப்பில் ஆறு பெட்டி அடுக்குத் தேனீ வைத்து நான்கு ஆண்டாகத் தேன் எடுக்கிறேன். ஆனால் இப்போது கேட்க வந்தது பெட்டியைப் பற்றியதன்று, எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றியது.

அப்பத்தா வாழ்ந்த பழைய வீட்டின் பின்சுவரில், காரை பெயர்ந்த ஓர் இடுக்கில், கொசுத் தேனீ குடியிருக்கிறது. அப்பா சிறுவனாக இருந்தபோதே அது அங்கே இருந்ததாம். சுண்டுவிரல் பருமனில் கரும்பழுப்புக் குழல் ஒன்று சுவரிலிருந்து வெளியே நீண்டிருக்கும். எறும்பளவே உள்ள தேனீக்கள் அதன் வாயைச் சுற்றிக் காவல் நிற்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் சுண்ணாம்பு மட்டையை வைக்க அப்பத்தா விடமாட்டார். அவர் போன பிறகு நாங்களும் விட்டதில்லை. இன்றும் வெள்ளைச் சுவரில் அந்த இடம் மட்டும் மண் நிறமாகவே இருக்கிறது.

அப்பாவுக்கு 18 ஆண்டாகச் சர்க்கரை. சென்ற ஆடியில் புதுச் செருப்பு கடித்து வலது காலின் பெருவிரலுக்கு அடியில் புண் வந்துவிட்டது. உணர்ச்சி குறைந்த கால் என்பதால் மூன்று நாள் அவருக்கே தெரியவில்லை. வாரம் இரண்டு முறை மதுரைக்குப் பஸ்ஸில் அழைத்துப் போய்க் கட்டு மாற்றி வருகிறேன். போன வாரம் உறவினர் ஒருவர் ‘புரோபோலிஸ் சொட்டு’ என்று ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். 30 மில்லி, 1,450 ரூபாய். பிரேசில் நாட்டுத் தேனீக்களின் பச்சைப் பிசினாம். சர்க்கரை, மூட்டுவலி, புற்றுநோய் வரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. “இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், இதை விட்டால் போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அதோடு, “பிரேசில் பிசின் எதற்கு? நம் சுவரிலேயே இருக்கிறதே, நீயே எடுத்துக் கொடு” என்கிறார்.

நேற்று மாலை கத்தியை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் போய் நின்றேன். குழலின் நுனியைக் கொஞ்சமாகக் கிள்ளினேன். கடுகத்தனை உருண்டைதான், அது பலாப்பாலைப் போல் இரண்டு விரலையும் ஒட்டவைத்துவிட்டது. சோப்புக்கு அசையவில்லை, தேங்காய் எண்ணெய் தேய்த்த பிறகே விட்டது. முகர்ந்தால் மாங்காய்க் காம்பு வாசம், அதற்குள் பழைய மரப்பெட்டி வாசம். தேனீக்கள் புருவத்திலும் தலைமுடிக்குள்ளும் புகுந்து கடித்தன. அதற்கு மேல் கத்தி வைக்க மனம் வரவில்லை.

அந்தப் பாட்டில் சரக்கும் இந்தச் சுவர்ப் பிசினும் ஒன்றுதானா? என் ஆறு பெட்டிகளில் இப்படி ஒரு பொருளைப் பார்த்ததே இல்லையே, அது ஏன்? எல்லாவற்றையும்விட, இதை அப்பாவின் காலில் போடலாமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


அழகர்மலை அடிவாரம் எழுதியது:

அம்மா, எந்தக் காரணத்துக்காகவும் கட்டை நிறுத்தவிடாதீர்கள். இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து மற்றதைப் படியுங்கள்.

நான் 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். ஓய்வு பெற்ற பின் அழகர்கோவில் சாலையில் ஒரு தோப்பில் 12 பெட்டி இத்தாலியத் தேனீ வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டிகளில் நீங்கள் பார்க்காத பொருள் என் பெட்டிகளில் வேண்டாம் என்றாலும் சேரும். அடை கட்டும் மரச் சட்டங்களை ஒன்றோடொன்றும் மூடியைப் பெட்டியோடும் ஒட்டிவிடும். இரும்புப் பட்டை கொடுத்து நெம்பினால்தான் பிரியும். அடுக்குத் தேனீக்கு இந்தப் பழக்கம் கிடையாது. விரிசல் இருந்தால் மெழுகை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். கொம்புத் தேனீ தன் அடை தொங்கும் கிளையில் இருபுறமும் பிசின் வளையம் பூசி எறும்பைத் தடுக்கும். கொசுத் தேனீயோ வீடு கட்டுவதே பிசினால்தான். மெழுகும் பிசினும் குழைத்த கலவையில் தேன் குடம், மகரந்தக் குடம், வாசல் குழல் எல்லாம் செய்கிறது. கொடுக்கு இல்லாத உயிர், ஒட்டும் பிசினே அதற்கு ஆயுதம். தேனீ இப்படிச் சேர்க்கும் பிசினுக்குத்தான் புரோபோலிஸ் என்று பெயர். அது கிரேக்கச் சொல். ‘நகருக்கு முன்னால்’ என்று பொருள். நீங்கள் கிள்ளியது அந்த நகரத்தின் கோட்டை வாசலை.

இப்போது ‘பிசின்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழில் இரண்டு வேறு பொருள்களுக்கு அந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்திருப்பீர்கள். அதில் கண்ணாடிபோல் வழுக்கும் பாதாம் பிசின் இருக்கிறதே, அது சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. நீரைக் குடித்துப் பல மடங்கு ஊதும். முருங்கைப் பிசின், கருவேலம் பிசின் எல்லாம் அந்தச் சாதி. தேனீ அதைத் தேடிப் போவதில்லை. அதற்கு வேண்டியது குங்கிலியம், சாம்பிராணி போன்ற சாதி: நீரில் கரையாது, சாராயத்தில் கரையும், சூட்டில் இளகும், நெருப்பில் போட்டால் மணக்கும். மரம் தன் காயத்தை மூடவும் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டவும் சுரப்பது அது. இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் பாதாம் பிசினும் மற்றதில் சுவரில் கிள்ளிய உருண்டையும் போட்டு இரவு முழுவதும் வையுங்கள். காலையில் நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும்.

தேனீ வெயில் ஏறிப் பிசின் இளகும் நேரமாகப் பார்த்துப் போகும். தாடையால் கிள்ளி, இழுத்து, பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் கூடையில் அப்பிக்கொள்ளும். கூட்டுக்கு வந்தால் தானாக இறக்க முடியாது, அவ்வளவு ஒட்டும். உடன்பிறப்புகள் வந்து கடித்துக் கடித்து இழுத்துக் கொடுக்க வேண்டும். இத்தாலியத் தேனீயின் புரோபோலிஸில் ஏறக்குறையப் பாதி பிசின், 30 விழுக்காடு மெழுகு, 10 விழுக்காடு வாசனை எண்ணெய், மீதி மகரந்தமும் பிறவும் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். இதுவரை 300-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை அதில் கண்டறிந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த 300-உம் ஒரே கூட்டில் இருப்பதில்லை. உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பூவின் மதுவைத் தேனீ தன் நொதியால் மாற்றித் தேனாக்குகிறது. பிசினை அப்படிச் சமைப்பதில்லை. மரம் கொடுத்ததைப் பெரும்பாலும் அப்படியே கொண்டுவந்து மெழுகோடு குழைக்கிறது. ஆகவே மரம் மாறினால் மருந்தும் மாறிவிடும். ஐரோப்பாவில் தேனீ பாப்லர் மர மொட்டின் பிசினை எடுக்கிறது. அதில் பினோசெம்பிரின், கிரைசின், கலாஞ்சின் ஆகிய ஃபிளேவனாய்டு வகைத் தாவரப் பொருள்களும் காஃபிக் அமிலத்தின் எஸ்டர்களும் இருக்கும். (கலாஞ்சின் நம் சிற்றரத்தையிலும் உண்டு, அதன் பெயரே அரத்தையின் ஐரோப்பியப் பெயரிலிருந்து வந்ததுதான்.) உங்கள் பாட்டிலில் சொல்லும் பச்சைச் சரக்கு பிரேசிலில் பாக்காரிஸ் என்ற புதர்ச்செடியின் இளந்தளிரைத் தேனீ கடித்து எடுப்பது, அதன் முதன்மைப் பொருள் ஆர்ட்டெபிலின் சி. அதே பிரேசிலில் கடலோரச் சதுப்பில் சிவப்புப் புரோபோலிஸ் கிடைக்கிறது. அது நம் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பிசின், வேதியியல் முற்றிலும் வேறு. கியூபாவில் குளூசியா மரத்துப் பூவின் பிசின், ஜப்பானின் ஒகினாவாவில் மகரங்கா மரத்தின் பிசின். இவை எல்லாவற்றுக்கும் அட்டையில் ஒரே பெயர்தான்.

உங்கள் சுவருக்கு எந்த மரம்? நான் ஊகித்துச் சொல்வதைவிட நீங்கள் போய்ப் பார்ப்பது நல்லது. காலை பத்து மணிக்கு மேல் குழலின் வாயில் நின்று, பின்னங்காலில் மகரந்தம்போல் மாவாக இல்லாமல் பளபளவென்று மினுங்கும் சுமையோடு வருவதைக் கவனியுங்கள். என் தோப்பு ஓரத்துக் கிளுவை வேலியில், கிளை ஒடித்த இடத்தில் கசியும் பாலில் கொசுத் தேனீ உட்கார்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கிளுவை, மணப்பிசின் தரும் வெள்ளைப்போள மரத்தின் நெருங்கிய உறவு. உங்கள் விரலில் மாங்காய்க் காம்பு வாசம் அடித்தது என்கிறீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். இந்தோனேசியாவில் மாம்பிசின் கலந்த புரோபோலிஸை ஆராய்ந்து அதில் ஆல்கைல் ரிசார்சினால் என்ற வகைப் பொருளைக் கண்டிருக்கிறார்கள். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் தோலைப் பொசுக்குவதற்குக் காரணமான பொருள்களும் அதே குடும்பம்.

இது ஒன்றுக்கும் ஆகாத பொருள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பெட்டியைத் திறந்தபோது அடிப்பலகை மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி இருந்தது. நெம்பி எடுத்துப் பார்த்தால் பல்லி. உள்ளே புகுந்து கொட்டுப்பட்டுச் செத்திருக்கிறது. இழுத்து வெளியே போட முடியாத கனம் என்பதால் தலைமுதல் வால்வரை பிசினால் மூடிவிட்டிருக்கின்றன. எத்தனை நாளாயிற்றோ, நாற்றம் ஒரு துளி இல்லை. விரல் நகங்கள்கூட அப்படியே இருந்தன. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பெட்டியின் உட்சுவரில் புரோபோலிஸ் பூசி ஆராய்ந்து, அப்படிப்பட்ட பெட்டியில் தேனீயின் உடல் நோயெதிர்ப்புக்காகக் குறைவாகவே உழைக்க வேண்டியிருக்கிறது என்று 2009-இல் காட்டினார்கள். கூட்டுக்கு அது காப்புத்தான், அதில் எனக்கு ஐயமே இல்லை. மனித உடலுக்கு என்று வரும்போது சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. ஆய்வகத் தட்டில் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளை நன்றாகவே அடக்குகிறது. வேறு சில வகைக் கிருமிகளிடம் அவ்வளவு எடுபடுவதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் புரோபோலிஸ் உடலுக்கு நல்லது என்று சொல்லும் கூற்றுகளை ஏற்க மறுத்தது. பொருள் இன்னது என்றே போதிய அளவு வரையறுக்கப்படவில்லை என்பது அது சொன்ன காரணம். பிரேசில் செடியில் நடந்த ஆய்வை மேலூர்ச் சுவருக்குச் சான்றாகக் கொண்டுவர முடியாது, அம்மா.


நத்தம் மாந்தோப்பு எழுதியது:

ஐயா சொன்ன மாம்பால் பேச்சுக்கு என் காலே சாட்சி. எங்கள் தோப்பில் ஒரு பழைய பனங்கட்டைக்குள் கொசுத் தேனீ இருந்தது. குதிகால் வெடிப்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதன் மெழுகுப் பிசினைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவினேன். இரண்டாம் நாள் அரிப்பு, மூன்றாம் நாள் கொப்புளம். காய் பறிக்கிறவர்களுக்குக் காம்புப் பால் தெறித்தால் தோல் வெந்து கருக்குமே, அதே தழும்பு. ஆறு வாரம் ஆயிற்று நிறம் திரும்ப. எனக்குச் சர்க்கரை இல்லை, தப்பித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்த அன்று இந்தத் தேனீக்கள் வந்து காயாத வர்ணத்தைக் கிள்ளிக்கொண்டு போயின. பிறகு குழலின் நுனியில் பச்சைக் கோடு தெரிந்தது. சாலை போடும்போது தாரையும் விடுவதில்லை. ஒட்டுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது போலும். அதை நாம் எடுத்துப் புண்ணில் வைக்கலாமா?


வில்லாபுரம் செவிலியர் எழுதியது:

தங்கையே, நான் 22 ஆண்டுகள் அறுவைப் பிரிவில் கட்டுப் போட்டவள். உன் எழுத்தைப் படித்ததும் அந்தக் கால் என் கண்முன் வந்துவிட்டது. பெருவிரலுக்கு அடியில் வரும் புண் பார்ப்பதற்குச் சிறியதாக இருக்கும், உள்ளே எலும்புவரை போயிருக்கும். வலி தெரியாது, அதனால்தான் ஆபத்து.

புரோபோலிஸைச் சர்க்கரைப் புண்ணில் பூசிச் செய்த ஆய்வுகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அளவில் சிறியவை. அவற்றில் சிலவற்றில் புண் சற்று விரைவாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் அங்கே முறைப்படி செத்த சதையை எடுத்து, கட்டுப் போட்டு, மருத்துவர் பார்வையில் வைத்து, அதோடு கூடுதலாகத்தான் அதைப் பூசினார்கள். கட்டுக்குப் பதிலாக யாரும் பூசவில்லை. உன் உறவினர் சொன்னது அதற்கு நேர் எதிரானது.

ஒரு பெரியவர் இப்படி ஒரு சொட்டு மருந்தை வீட்டிலேயே பத்து நாள் விட்டுவிட்டு வந்தார். புண்ணைச் சுற்றிய தோல் முழுவதும் தடித்துச் சிவந்து நீர் கோத்திருந்தது. புரோபோலிஸுக்குத் தோல் ஒவ்வாமை வருவது தேனீ வளர்ப்பவர்களிடம் நெடுநாளாக அறிந்த ஒன்று. அந்தச் சிவப்பு ஒவ்வாமையா, கிருமி பரவிய சிவப்பா என்று பிரித்தறிய எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. சர்க்கரைப் புண்ணில் இரண்டு நாள் என்பது பெரிய நாள்.

நீ செய்ய வேண்டியது: அடுத்த முறை போகும்போது பாட்டிலையும் கையில் கொண்டு போய் மருத்துவரிடம் காட்டு. திட்டுவார் என்று ஒளிக்காதே. அப்பா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இரத்தம் உறையாமல் இருக்க ஏதும் தருகிறார்களா என்பதையும் சொல். எம்.சி.ஆர். செருப்பு, அதாவது சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, வாங்கினாயா? புண்ணின்மேல் உடல் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் எந்த மருந்தாலும் அது மூடாது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க விடாதே. ஒவ்வோர் இரவும் இரண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் நீயே பார். அவரைப் பார்க்கச் சொல்லாதே, அவர் பார்க்கமாட்டார்.


மேலூர்த் தோட்டம் எழுதியது:

அக்கா, ஐயா, நத்தத்து அண்ணன், மூவருக்கும் நன்றி. கட்டு நிற்கவில்லை. ஆனால் அப்பா இன்னும் ஒன்று சொல்கிறார்: வீட்டில் கை கழுவும் சானிடைசர் இருக்கிறதே, அது சாராயம்தானே, அதில் கொஞ்சம் பிசினைக் கரைத்துத் தொண்டைக்காவது இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளலாமே என்று. என்ன சொல்லி நிறுத்துவது?


அழகர்மலை அடிவாரம் எழுதியது:

கண்டிப்பாகக் கூடாது. வெளிநாட்டில் இந்தச் சொட்டு மருந்தை எடுப்பதற்கு உண்ணத் தகுந்த தூய எத்தில் ஆல்கஹாலை, பெரும்பாலும் 70 விழுக்காடு அளவில், பயன்படுத்துகிறார்கள். சானிடைசரிலும் வர்ணக் கடை ஸ்பிரிட்டிலும் யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே வேறு பொருள்கள் கலந்திருக்கும். மெத்தில் ஆல்கஹால் இருந்தால் கண் போகும், உயிரும் போகும். பிசினைக் கரைக்கும் திரவம் பெயின்ட்டில் வந்த வேண்டாத பொருள்களையும் சேர்த்தே இழுத்துவரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நத்தத்து நண்பர் பச்சைக் கோட்டைக் கண்ணால் கண்டிருக்கிறார். தொண்டைக்கு வேண்டுமென்றால் அரத்தைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூட்டைப் பற்றியும் ஒரு சொல். குழலை உடைத்தால் எறும்பும் பல்லியும் உள்ளே போகும். சுவருக்குள் இருக்கும் கூட்டிலிருந்து பிசின் எடுப்பது என்றால் குடங்களையும் முட்டை அறைகளையும் கிழிக்காமல் முடியாது. அறுபது எழுபது ஆண்டு நிலைத்த குடியைக் கைப்பிடிப் பிசினுக்காகக் கலைக்காதீர்கள். புரோபோலிஸைத் தொழிலாகச் செய்ய விருப்பம் இருந்தால் என் தோப்புக்கு வாருங்கள். இத்தாலியத் தேனீப் பெட்டியின் மேல் துளையிட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் துளைகளை அடைத்துத் தரும். நம் ஊர்ச் சூட்டில் அது எப்போதும் குழைவாகவே இருப்பதால் விரிப்பை ஓரிரவு உறைபெட்டியில் வைத்து எடுத்து முறுக்க வேண்டும். கண்ணாடித் துண்டுபோல் சொடசொடவென்று உதிரும்.


மேலூர்த் தோட்டம் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பாட்டிலை மருத்துவரிடம் காட்டினேன். அட்டையை இருபுறமும் படித்துவிட்டு, காலில் விட வேண்டாம், குடிக்கவும் வேண்டாம் என்றார். அப்பாவிடம் நான் பத்து நாளாகச் சொன்னதை அவர் ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்தார், அப்பாவும் கேட்டுக்கொண்டார். எம்.சி.ஆர். செருப்பு வாங்கியாயிற்று. புண்ணின் ஓரம் வெளுத்து இளஞ்சிவப்பாகி வருகிறது. இரவில் உள்ளங்காலை நான் பார்க்கும்போது கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்கிறார், ஆனாலும் காட்டிவிடுகிறார்.

இரண்டு டம்ளர் வைத்துப் பார்த்தேன், ஐயா. பாதாம் பிசின் காலையில் டம்ளர் பாதிக்கு நிறைந்திருந்தது. சுவர் உருண்டை போட்டபடியே கடுகளவில் கிடந்தது. தண்ணீரின் நிறம்கூட மாறவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தொட்டு, முகர்ந்து, “மாங்காய் வாசம் வருகிறது” என்றார். நான் அவரிடம் முன்கூட்டி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு மேற்கே பக்கத்துத் தோப்பில் நாற்பது மாமரம் இருக்கிறது. அதற்கு நடுவே, வேலி ஓரத்தில், கிளுவையும் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் வாசலில் நின்று பார்த்ததில் மினுங்கும் சுமையோடு வந்தவை பெரும்பாலும் மேற்கிலிருந்தே வந்தன. எந்த மரம் என்று இன்னும் பின்தொடர முடியவில்லை, கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. நான் கிள்ளிய நுனியை ஐந்தாம் நாளே சரிசெய்துவிட்டன. புதிதாகக் கட்டிய பகுதி மட்டும் தேன் நிறத்தில், வெயில் பட்டால் உள்ளே நடமாடும் தேனீயின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கிறது.